மடிப்புக் கலையாத சட்டை

சலவைக்கடைக்காரி மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதாள். மூக்கும் நனையவில்லை, கண்ணும் நனையவில்லை.

"பெத்த புள்ளையை விட்டுட்டு எவனோடயோ ஓடிட்டாம்மா அந்தப் பரதேசி! நாலு வயசுக் குழந்தை 'அம்மா எங்க, அம்மா எங்க'ன்னு என் உசிரை வாங்குது. ஓடிப்போயிட்டாடி கண்ணுன்னு சொல்லி வச்சிருக்கேன். வேற என்ன சொல்றது?"

"ஊருக்குப் போயிருக்கான்னு சொல்லியிருக்கலாம்" என்றான் சோடா.

இன்ஸ்பெக்டரம்மா அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தான்.

சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட பாவத்துக்கு அவனுக்கு அந்தப் பெயர். சொந்தப் பெயர் அவனுக்கே மறந்து போய்விட்டது. இன்ஸ்பெக்டரம்மா கதை வேறு. மேலதிகாரியை ஓங்கி ஓர் அறை விட்டுவிட்டுப் போலீஸ் உத்தியோகத்தை உதறியவள். உத்தியோகம் போனாலும் பட்டம் போகவில்லை. இப்போது இரண்டு பேருமாகக் காணாமல் போனவர்களைத் தேடிக் கொடுக்கிறார்கள். அவள் தேடுவாள், இவன் பேசுவான்.

"எப்ப போனா?" என்றாள் இன்ஸ்பெக்டரம்மா.

"திங்கக்கிழமை. துணிமணி எல்லாம் எடுத்துக்கிட்டு, சொல்லாமக் கொள்ளாம. இன்னிக்கு வெள்ளி. இன்னிக்குத்தான் அவளோட விசாவுக்குக் கடைசி நாள். சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள புருஷனோட போய் நிக்கணும். நிக்கலைன்னா நாட்டை விட்டே அனுப்பிடுவாங்க. குழந்தை நம்ம நாட்டுக் குழந்தை, அது இங்கதான் இருக்கும். தாயில்லாப் புள்ளையா ஆயிடும்மா! எப்படியாவது கண்டுபிடிச்சுக் குடுங்க."

விஷயம் இதுதான். மகன் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன இடத்தில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டான். அவள் இங்கே இருக்கலாம், ஆனால் மனைவி என்ற உறவின் பேரில்தான் இருக்கலாம். தவணை முடியும்போதெல்லாம் புருஷன் கூடவே வந்து, "ஆமாம், இவள் என் மனைவி, ஒரே வீட்டில் இருக்கிறோம்" என்று அதிகாரி முன்னால் சொல்ல வேண்டும். சொன்னால்தான் நீட்டிப்பு.

அந்த மகன் கடையின் மூலையில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். முப்பது வயது ஆசாமி. அம்மா முந்தானையை விட்டு இன்னும் இறங்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"ஒவ்வொரு தடவையும் நீங்க போய் நிக்கணுமா?" என்று அவனைக் கேட்டாள் இன்ஸ்பெக்டரம்மா.

"இல்ல... இந்தத் தடவை நீட்டிச்சாங்கன்னா, அடுத்தது நிரந்தரம். அப்புறம் யாரும் போய் நிக்க வேண்டியதில்லை. அவ பாட்டுக்கு..."

"டேய், உன்னைக் கேட்டாங்களா?" என்றாள் தாய்க்காரி. அவன் மறுபடி நகத்துக்குப் போனான்.

சோடா சும்மா நிற்க முடியாமல் கடையின் பின்பக்கம் நடந்து, அங்கிருந்த இரும்புக் கதவில் கையூன்றிச் சாய்ந்தான். சாய்ந்த வேகத்தில் "ஐயோ!" என்று துள்ளிக் குதித்து உள்ளங்கையை ஊதிக்கொண்டான்.

"அங்க போகாதப்பா! பாய்லர் ரூம் அது. ஒரு வாரமா ரிப்பேர், ஓடலை" என்று பதறினாள் சலவைக்கடைக்காரி. "இந்தா, இதைப் பாருங்க முதல்ல. மாடியில வீட்டுல, அவ தலகாணிக்கு அடியில இருந்துச்சு. குடும்ப மானம் போகுதேன்னு இதுவரைக்கும் யார்கிட்டயும் காட்டலை."

நீலக் கோடு போட்ட ஆம்பிளைச் சட்டை. கைகள் இரண்டும் நெஞ்சின் மேல் குறுக்கே வைத்து, ரொம்ப அடக்கமாக மடிக்கப்பட்டிருந்தது. அவள் அதை ஒரு உதறு உதறி, அளவைக் காட்டினாள். "என் மகனுக்கு இது தொளதொளன்னு இருக்கும். இது வேற எவனோடதோ." பிறகு கைகளைப் பின்பக்கம் தள்ளி, பட் பட்டென்று மூன்று அடி அடித்து மடித்து இன்ஸ்பெக்டரம்மா கையில் திணித்தாள்.

காலரின் உள்ளே கறுப்பு மையில் சலவைக்குறி இருந்தது.

"உங்க கடைக் குறிதானே இது? யாருதுன்னு தெரியுமே."

"தெரியாம என்ன? மேம்பாலத்துக்குக் கீழ கார் ஓட்டக் கத்துக்குடுக்கிற மாஸ்டரோடது. கல்யாணம் ஆகாதவன். இதுக்கு மேல நான் என்னத்தைச் சொல்ல?" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து அழ ஆரம்பித்தாள்.

வெளியே வந்ததும் சோடா கேட்டான். "மேடம், அந்தம்மா கேஸை முடிச்சுட்டுத்தான் நம்மளைக் கூப்பிட்டிருக்கு. நமக்கு என்ன வேலை?"

"தலகாணிக்கு அடியில கிடந்த சட்டைடா இது. அவ எடுத்துக் காட்டினப்ப மடிப்புக் கொஞ்சமாவது கலைஞ்சிருந்துதா?"

"மெதுவாத் தூங்கியிருப்பா."

"வண்டியை எடு."

*

டிரைவிங் மாஸ்டருக்கு ஊரில் பிரேக் மாஸ்டர் என்று பெயர். அவர் சொல்லிக் கொடுக்கும் ஒரே பாடம் அதுதான். இவர்கள் போனபோது, வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண்மணிக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. நிறுத்தச் சொன்னால் வண்டி எங்கே நிற்கும் என்று அந்தம்மாவுக்கே தெரியாததால், இரண்டு பேரும் ஓடுகிற வண்டியிலேயே பின் சீட்டில் ஏறிக்கொண்டார்கள்.

"சட்டையா? காட்டுங்க... அட, என்னோடதுதான்! காலைல துணிக்கட்டு வந்தப்ப ஒண்ணு குறையுதேன்னு நெனச்சேன். பிரேக்! பிரேக் போடும்மா!"

சோடாவின் நெற்றி முன் சீட்டில் முட்டியது. "சார், உங்களுக்கும் சலவைக்கடை மருமகளுக்கும் காதலாம். வீட்ல பேசிக்கிறாங்க" என்றான் நெற்றியைத் தடவிக்கொண்டே.

மாஸ்டர் பேய்முழி முழித்தார். அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருக்கும். "எனக்கா? அடக் கண்றாவியே! அந்தப் பொண்ணு என்னை அப்பான்னு கூப்பிடும்யா. துணி வாங்கறப்ப நிமிர்ந்துகூடப் பார்க்காது. அந்தக் கிழவி பார்க்க விட்டாத்தானே?"

"இந்தச் சட்டையை எப்ப சலவைக்குப் போட்டீங்க?" என்றாள் இன்ஸ்பெக்டரம்மா.

"புதன்கிழமை. கையில பாருங்க, கிரீஸ் கறை. அன்னிக்குக் காலைல டயர் மாத்தறப்ப பட்டுச்சு. கழட்டி நேராக் கொண்டு போய்ப் போட்டேன். தொவைச்சும் போகலை பாருங்க."

இன்ஸ்பெக்டரம்மா கறையைத் தடவிப் பார்த்தாள். "திங்கக்கிழமை ஓடிப்போனவ, புதன்கிழமை வரைக்கும் உங்க உடம்புல இருந்த சட்டையைத் தலகாணிக்கு அடியில வச்சுட்டுப் போயிருக்கா."

"கெட்டிக்காரிதான்" என்றான் சோடா.

"காலைல வந்த கட்டு எங்க?"

மாஸ்டர் காலடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பழைய பத்திரிகைக் காகிதம், சணல் கயிறு. பிரித்தால், எல்லாச் சட்டையும் கைகளை நெஞ்சின் மேல் குறுக்கே கட்டிக்கொண்டு ஒழுங்காகப் படுத்திருந்தன.

"இந்த மடிப்பு யாரோடது?"

"அந்தப் பொண்ணோடதுதான். அவங்க ஊர் வழக்கமாம். கிழவி மடிச்சா பாயைச் சுருட்டின மாதிரி இருக்கும், கையெல்லாம் பின்னாடி போயிடும். பிரேக்!"

இந்த முறை வண்டி நடைபாதையில் ஏறி நின்றது. இறங்குவதற்கு அதுதான் நல்ல சமயம் என்று இருவரும் இறங்கினார்கள்.

சோடாவுக்கு விளையாட்டுப் புத்தி போய்விட்டது. "மேடம், அப்ப அவ ஓடவே இல்லை."

"எங்கயும் ஓடலை. அந்த வீட்டுக்குள்ளயேதான் இருக்கா. அடைச்சு வச்சிருக்காங்க. சும்மா அடைச்சு வச்சிருந்தா நமக்குத் தெரிஞ்சே இருக்காது. ஆனா ரெண்டு கை சும்மா இருக்கிறதை அந்தம்மாவால பொறுத்துக்க முடியலை. உள்ளயே இஸ்திரிப் பெட்டியைக் குடுத்து வேலை வாங்கியிருக்கா. காலைல அவசரத்துக்கு ஒரு கள்ளக்காதலன் சட்டை வேணும்னதும், கைக்கு எட்டின குவியல்ல இருந்து ஒண்ணை உருவிட்டா."

"அடிப்பாவி! அப்புறம் நம்மளை எதுக்குத் தேடச் சொன்னா?"

"தேடறதுக்கு இல்லடா. தேடினோம், கிடைக்கலைன்னு நாளைக்கு நாம சாட்சி சொல்றதுக்கு. விசா முடிஞ்சதும் கதவைத் திறந்து விட்டுடுவா. அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு 'என்னை அடைச்சு வச்சிருந்தாங்க'ன்னு கத்தினா எவன் நம்புவான்? ஓடிப்போனவள்னு நம்ம வாயே சொல்லியிருக்கும். அவளை ஏத்தி அனுப்பிடுவாங்க. குழந்தை இங்க. அடுத்த தடவை நிரந்தரமாம், கேட்டியா? அப்புறம் அவ குழந்தையைத் தூக்கிட்டுத் தனிக்குடித்தனம் போனாலும் யாராலயும் தடுக்க முடியாது. அதான் இப்பவே அறுத்து விடறா."

சோடா வண்டிக்கு ஓடினான். வண்டியை எடுத்தவன் ஒரு வளைவில்கூட வேகத்தைக் குறைக்கவில்லை.

*

கடையில் நுழைந்ததும் இன்ஸ்பெக்டரம்மா யாரையும் பார்க்கவில்லை, எதையும் கேட்கவில்லை. நேராக இரும்புக் கதவுக்குப் போனாள்.

"அங்க எங்க போறீங்க? பாய்லர் ரிப்பேர்னு சொன்னேனே!"

"ஒரு வாரமா ஓடாத பாய்லர் இவன் கையை எப்படிச் சுட்டுது?"

சோடா சிவந்திருந்த உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினான். "போலீஸ்ல இருந்தா இதைத் தடயம்னு சொல்லுவாங்கம்மா."

மகன் எழுந்து கதவுக்கு முன்னால் வந்து நின்றான். நிற்கத்தான் செய்தான், இன்ஸ்பெக்டரம்மா தோளைத் தொட்டதும் பிள்ளைப்பூச்சியாக ஒதுங்கிக்கொண்டான். வெளித்தாழ்ப்பாளில் பூட்டு. சாவி எங்கே என்று கேட்டதற்கு அவன் தன் சட்டைப் பையையே பார்த்தான். சோடா கையை விட்டுச் சாவியை எடுத்தான்.

கதவு திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. உள்ளே ஒரு மேசை, துணி மூட்டைகள், ஒரு பிளாஸ்டிக் வாளி. மேசைக்குப் பின்னால் ஒரு பெண் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். தலைமுடி வேர்வையில் கன்னத்தோடு ஒட்டியிருந்தது. முழங்கைக்குக் கீழே இரும்பு பட்ட தழும்பு, ஒன்று பழசு, ஒன்று புதுசு. கதவு திறந்ததைப் பார்த்து அவள் அழவில்லை, கத்தவில்லை.

"மணி என்ன?" என்று கேட்டாள்.

"நாலு" என்றான் சோடா.

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அவசரத்திலும் துணி தீயக் கூடாது என்ற பயம் அந்தக் கையில் இருந்தது. அதைப் பார்த்த இன்ஸ்பெக்டரம்மாவுக்குக் கண் சிவந்துவிட்டது.

"வாய் இருக்குல்ல உனக்கு? ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதாம்மா?"

"சத்தம் போட்டா குழந்தையை வேற ஊருக்கு அனுப்பிடுவேன்னு அத்தை சொன்னாங்க."

அத்தைக்காரி இப்போது அழவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். மூடி வைக்க ஒன்றும் இல்லாமல் போனதும் அவளுக்கு ஒரு தைரியமே வந்துவிட்டது. "கண்டுபிடிச்சுட்டீங்கல்ல? சந்தோஷம். கூட்டிட்டுப் போங்க. விசா ஆபீஸ்ல என் மகன் வந்து நின்னாத்தானே இவளுக்கு நீட்டிப்பு? அவன் வரமாட்டான். வருவியாடா?"

மகன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அப்ப போலீஸ் வரும்" என்று இன்ஸ்பெக்டரம்மா போனை எடுத்தாள். அவள் கையைப் பிடித்தது மாமியார் இல்லை, மருமகள்.

"வேணாம்மா! போலீஸ் வேணாம். இவரு உள்ள போயிட்டா, எனக்கு யாரு வந்து நிப்பா? குடும்பம் இல்லைன்னு ஆயிடும். என்னை அனுப்பிடுவாங்க. என் பொண்ணு இங்கயே நின்னுடும். கேஸ் எதுவும் வேணாம். அவரை மட்டும் வரச் சொல்லுங்க."

பிடித்த பிடி அப்படி ஒரு பிடி. அடைத்து வைத்தவனையே கெஞ்சிக் கூட்டிப் போக வேண்டிய நிலைமை, என்ன கொடுமை இது! இன்ஸ்பெக்டரம்மா போனைப் பையில் போட்டாள். ஆனால் போலீஸைக் கூப்பிடப் போவதில்லை என்பது மாமியாருக்குத் தெரிய வேண்டியதில்லையே.

"இதோ பாரு தம்பி" என்றாள் மகனிடம். "இந்தப் பொண்ணு பயந்தவ. நான் பயந்தவ இல்லை. ரெண்டு இடம் இருக்கு. ஒண்ணு விசா ஆபீஸ், இன்னொண்ணு போலீஸ் ஸ்டேஷன். எங்க போகணும்னு நீயே சொல்லு."

"வண்டியில பெட்ரோலும் ஒரு இடத்துக்குத்தான் இருக்கு" என்றான் சோடா.

மகன் அம்மாவைப் பார்த்தான். அம்மா அவன் மணிக்கட்டைப் பார்த்தாள். மகன் கையில் விலங்கு மாட்டுவதை நினைத்துப் பார்த்திருப்பாள்.

"போலாம்" என்றாள். "குழந்தையையும் கூட்டிட்டு வாடா. நானும் வர்றேன். குடும்பமாப் போய் நிக்கலாம்."

*

விசா ஆபீஸில் நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். நீட்டிப்புக் கவுண்டரில் இருந்த அதிகாரி பையை மூடிக்கொண்டிருந்தவர், இவர்களைப் பார்த்ததும் "இன்னும் அஞ்சு நிமிஷம் கழிச்சு வர்றதுதானே?" என்று சலித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

காரில் வரும்போது குழந்தை பாட்டி மடியில் உட்கார்ந்து, முன் சீட்டில் இருந்த அம்மாவையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டு வந்தது. அம்மா கையை நீட்டினாள். பாட்டி குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இப்போது கவுண்டரிலும் அவள் மடியில்தான் இருந்தது.

"இவங்க உங்க மனைவியா?"

"ஆமா சார்" என்றான் மகன். குரல் வெளியே வந்ததே பெரிய காரியம்.

"ஒரே வீட்டிலதான் இருக்கீங்களா?"

"ஆமா சார்."

அதிகாரி அவளைப் பார்த்தார். "நடுவுல வெளியூர், வெளியிடம் எங்கயாவது போய்த் தங்கினீங்களா?"

"இல்ல சார். இந்த வாரம் வாசல்கூடத் தாண்டலை" என்றாள் அவள்.

"வேலை அதிகமோ?" என்று சிரித்துக்கொண்டே முத்திரையை எடுத்தார். எடுத்தவர், குழந்தை உற்றுப் பார்ப்பதைப் பார்த்து, அந்த வயதுக் குழந்தையிடம் எல்லாரும் பேசுகிற மாதிரி சும்மா ஒரு வார்த்தை கேட்டார். "என்ன பாப்பா, அம்மா உன்கூடத்தான் இருக்காங்களா?"

"இல்லை" என்றது குழந்தை. "அம்மா ஓடிப்போயிட்டா."

முத்திரை அந்தரத்தில் நின்றது.

சலவைக்கடைக்காரி வாயே திறக்கவில்லை. திறக்க வேண்டிய அவசியமும் இல்லை. அவள் செய்ய வேண்டியதை அவள் சொல்லி வைத்த வார்த்தையே செய்துவிட்டது. மகன் முகத்தில் நிம்மதி மாதிரி ஏதோ ஒன்று ஓடியது. அதைப் பார்த்த சோடாவுக்கு அங்கேயே அவன் மூக்கை உடைக்க வேண்டும் போலிருந்தது.

இன்ஸ்பெக்டரம்மா ஓர் அடி முன்னால் வைத்தாள். மருமகளின் விரல்கள் அவள் மணிக்கட்டில் வந்து அழுந்தின. நடந்ததைச் சொன்னால் புருஷன் ஜெயிலுக்குப் போவான், உறவு அறுந்துபோகும். சொல்லாவிட்டால் ஓடிப்போனவள் என்று இப்போதே அறுந்துபோகும். எந்தப் பக்கம் போனாலும் கிணறு.

அதிகாரியின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "ஓடிப்போயிட்டாங்களா? எங்க ஓடிப்போனாங்க?"

"கீழ. பாய்லர் ரூமுக்கு" என்றது குழந்தை, இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி. "பாட்டி வெளில பூட்டிடுவா. அப்பா சாவியை வச்சுக்குவாரு. அம்மா சத்தமே போடக் கூடாது. போட்டா அவுட்டு."

சலவைக்கடைக்காரியின் கை குழந்தையின் வாய்ப் பக்கம் போனது, பாதியிலேயே நின்றது. மகன் வெளுத்துப் போனான். அதிகாரி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு நாற்காலி குலுங்கக் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார்.

"கண்ணாமூச்சியா! எங்க வீட்டுலயும் இதே கூத்துதான். என் பொண்ணு என்னைப் பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டிட்டுத் தூங்கப் போயிட்டா ஒரு நாள்." கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைக் கேட்டார். "அப்படித்தானேம்மா? விளையாட்டுதானே?"

அவள் குழந்தையைப் பார்த்தாள். ஐந்து நாள் கழித்து முதல் தடவையாக நன்றாக, பக்கத்தில் பார்த்தாள்.

"ஆமா சார்" என்றாள். சிரித்தாள். "விளையாட்டுதான்."

முத்திரை விழுந்தது. சலவைக்கடைக்காரி எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

"இப்படி இருக்கணும் குடும்பம்னா" என்றார் அதிகாரி, பையை மறுபடி மூடிக்கொண்டே.

வெளியே படிக்கட்டில் இன்ஸ்பெக்டரம்மா அவளைத் தனியாக இழுத்தாள். "நீ அந்த வீட்டுக்குப் போகாத. என் வீட்டுக்கு வா, இப்பவே, குழந்தையோட. நான் பார்த்துக்கறேன்."

"வந்து பார்ப்பாங்கம்மா, ஒரே வீட்டில இருக்கோமான்னு. இல்லைன்னா இது செல்லாது. நிரந்தரம் கிடைக்கிற வரைக்கும் அங்கதான் இருக்கணும்." அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். "நீங்க பண்ணினது போதும். இதுக்கு மேல ஒண்ணும் பண்ணிடாதீங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

இன்ஸ்பெக்டரம்மாவுக்குக் கை பரபரவென்றது. மேலதிகாரியை அறைந்த அதே கை. அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவள் பின்னால் கட்டிக்கொண்டாள்.

குழந்தை பாட்டியின் பிடியை உதறிவிட்டு ஓடி வந்து அம்மாவின் விரலைப் பிடித்தது. அவள் குனிந்து அதன் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"அம்மா, இன்னிக்கும் ஓடிப்போவியா?" என்று கேட்டது குழந்தை.

பின்னாலேயே வந்த சலவைக்கடைக்காரி குழந்தையின் கன்னத்தைச் செல்லமாகக் கிள்ளினாள்.

"அது அம்மா ஒழுங்கா நடந்துக்கறதைப் பொறுத்து இருக்குடி கண்ணு" என்றாள்.